எம்ஜிபி ரோட்ஸ்டரில் ஹார்ட்டாப் பொருந்தவில்லையா? அறிகுறி பார்த்துக் காரணம் அறியும் முறை

இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி ரோட்ஸ்டர், துணிக்கூரையை நம்பி வடிவமைக்கப்பட்ட கார். குளிர்காலத்தில் அந்தத் துணிக்குப் பதிலாக மேலே ஏற்றி மாட்டி, கோடை வந்ததும் கழற்றி வைத்துவிடக்கூடிய கெட்டிக் கூரைக்குத்தான் ஹார்ட்டாப் என்று பெயர். ஆலையே அதைக் கூடுதல் விலைக்கு விற்றது. வெளியார் செய்து விற்றவையும் பல உண்டு. அவற்றில் மிகுதியானவை கண்ணாடியிழையில் வார்க்கப்பட்டவை. இன்று ஒருவர் கைக்கு வரும் ஹார்ட்டாப், அநேகமாக வேறொரு காரின் மேல் பல ஆண்டுகள் இருந்து, பிறகு ஏதோ ஒரு கொட்டகையில் கிடந்து, நாற்பது வயதைக் கடந்துவிட்ட இன்னொரு காரைத் தேடி வந்ததாகவே இருக்கும். அந்தக் காரும் இடையில் துருப்பிடித்து, வெல்டிங் செய்யப்பட்டு, விண்ட்ஸ்கிரீன் கழற்றி மாட்டப்பட்டு, தான் பிறந்த அளவிலிருந்து சற்றே விலகியிருக்கும். ஆகவே முதல் முறை ஏற்றும்போதே எல்லாம் சரியாக உட்கார்ந்தால் அதை அதிர்ஷ்டம் என்றே கொள்ள வேண்டும்.

ஹார்ட்டாப்பை இறுக்கிப் பொருந்த வைக்க முயலக் கூடாது. பொருந்திய பிறகே இறுக்க வேண்டும். கொக்கியைப் பலமாக இழுத்து மூடிவிட்டால் இடைவெளி மறைந்துபோவது உண்மைதான். ஆனால் அந்த இழுவிசை முழுவதும் அலுமினியத்தால் ஆன விண்ட்ஸ்கிரீன் சட்டகத்தின் மேல் விழுகிறது. சட்டகம் முறுக்கிக்கொண்டால் கண்ணாடி மூலையிலிருந்து விரிசல் விடும். அந்த விரிசல் அன்றே தெரிய வேண்டும் என்பதில்லை. சில வாரங்கள் கழித்து ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதும் தெரியலாம்.

பிடிமானங்களும் மாட்டும் வரிசையும்

ஆலைக் கூரையை மூன்று இடங்களில் காரின் பாடி பிடித்துக்கொள்கிறது. பின்னால், டிக்கி மூடிக்கு முன்பாக உள்ள தகட்டுப் பரப்பில் இரண்டு நங்கூரத் தகடுகள் இருக்கின்றன; கூரையின் பின்விளிம்பில் உள்ள பிடிகள் அவற்றுக்குள் நுழைந்து நிற்கும். பக்கவாட்டில், கதவுக்குப் பின்னால் இருபுறமும் ஒவ்வொரு பிராக்கெட் போல்ட்டால் இறுக்கப்படும். முன்னால், விண்ட்ஸ்கிரீனின் மேல்சட்டத்தில் உள்ள குழிகளில் இரண்டு டாகிள் கொக்கிகள் மாட்டி, நெம்பி மூடப்படும். வெளியார் செய்த கூரைகளில் பக்கப் பிடிமானமும் பின்பிடிமானமும் வேறுபடலாம். எனவே எதையும் வாங்குவதற்கு முன்பு பிராக்கெட்டுகளும் கொக்கிகளும் கூடவே வருகின்றனவா என்று பார்த்துவிடுவது நல்லது. கூரை மட்டும் மலிவாகக் கிடைத்துப் பிடிமான உறுப்புகளைத் தனித்தனியே தேடிச் சேர்க்கும் நிலை வந்தால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கணக்காகிவிடும்.

காரைச் சமதரையில், நான்கு சக்கரங்களின் மேலேயே நிறுத்த வேண்டும். ஜாக்கியில் தூக்கிய நிலையில் பாடி வளைந்து நிற்பதால் அப்போது எடுக்கும் எந்த அளவும் பயன்படாது. கதவுக் கண்ணாடிகளை முழுவதும் இறக்கி, சன் வைசர்களை மடித்து, டிக்கி மூடியின் மேல் தடித்த போர்வை ஒன்றை விரித்துவிட்டு, இருவர் இருபுறமும் நின்று கூரையைத் தூக்க வேண்டும். தனியாளாகச் செய்யக்கூடிய வேலை இது அன்று. முன்பக்கத்தைச் சற்றே உயர்த்திப் பிடித்தபடி பின்விளிம்பை முதலில் நங்கூரத் தகடுகளுக்குள் செலுத்தி, பிறகு முன்பக்கத்தை மெல்ல இறக்கி, பக்க போல்ட்டுகளை விரலால் மட்டும் சில சுற்று ஏற்றி, அதன் பிறகு முன்கொக்கிகளை மூடி, கடைசியாகப் பக்க போல்ட்டுகளை இறுக்க வேண்டும். பக்க போல்ட்டுகளை முதலிலேயே இறுக்கிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. அப்படிச் செய்தால் கூரை முன்பின்னாக நகர்ந்து தன் இடத்தைத் தேடிக்கொள்ள வழியில்லாமல் போகிறது. கீழே வரும் பல அறிகுறிகளுக்கு அதுவே காரணமாகவும் அமைகிறது.

அறிகுறி: பின்விளிம்பு நங்கூரத் தகடுகளுக்குள் போக மறுக்கிறது

துணிக்கூரையின் பின்பட்டை இன்னும் அங்கே மாட்டியபடி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதுவும் இதே தகடுகளில் மாட்டுவதுதான் என்பதால், அது விடுவிக்கப்படாமல் ஹார்ட்டாப்புக்கு இடம் கிடைக்காது. பட்டையைக் கழற்றியும் துணியின் மடிப்பு ஒன்று விளிம்பின் அடியில் சிக்கிக்கொள்வதுண்டு. ஒரு பக்கம் மட்டும் ஏறி நின்றால் அநேகமாக அதுதான் காரணம்.

தகடுகளையும் பார்க்க வேண்டும். பல ஆண்டுகளாகப் பொருள்களை வைத்து எடுத்ததில் அவை கீழ்நோக்கி நசுங்கியிருக்கலாம். மறுபெயின்ட் அடித்தபோது கழற்றாமலே அடித்திருந்தால் தகட்டுக்கும் பாடிக்கும் நடுவில் பெயின்ட் திரண்டு இடைவெளியை அடைத்திருக்கலாம். பெயின்ட்டைச் சுரண்டி எடுப்பதும், தகட்டைக் கழற்றி வெளியே வைத்து நிமிர்த்துவதும் எளிது. பாடியின் மேலேயே வைத்து ஸ்குரூடிரைவரால் நெம்பினால் அடியில் உள்ள தகட்டுப் பரப்பு குழிந்துவிடும்.

இவை இரண்டும் சரியாக இருந்தும் பிடி ஏறவில்லையென்றால் புதிய ரப்பர் சீலைச் சந்தேகிக்க வேண்டும். இன்று விற்கப்படும் சீல்களில் சில, பழையவற்றைவிடத் தடிமனாகவும் கெட்டியாகவும் இருக்கின்றன. சீலை அகற்றிவிட்டுக் கூரையை ஒருமுறை வெறுமனே வைத்துப் பாருங்கள். பிடிகள் சுலபமாக உள்ளே போனால் குற்றவாளி சீல்தான். வெயில்படும் இடத்தில் தளர்வாக மாட்டிச் சில நாள் விட்டுவைத்தால் நல்ல ரப்பர் ஓரளவு அமுங்கி இடம் கொடுக்கும். அமுங்காத ரப்பரை மாற்றிவிடுவதே மேல்.

அறிகுறி: முன்கொக்கி விண்ட்ஸ்கிரீன் சட்டத்தை எட்டவில்லை, அல்லது கூரை சட்டத்தைத் தாண்டி முன்னே நிற்கிறது

அதிகம் பேரைத் தடுமாற வைக்கும் அறிகுறி இதுதான். இதில் பொறுமை காட்டினால் மற்றவற்றில் பாதி தானாகச் சரியாகும். முதலில், விலகல் மேல்கீழாக இருக்கிறதா, முன்பின்னாக இருக்கிறதா என்று பிரித்தறிய வேண்டும். கொக்கி குழிக்கு நேர் மேலே நின்று, ஆனால் இறங்காமல் இருந்தால் அது உயரச் சிக்கல். கொக்கி குழிக்கு முன்னாலோ பின்னாலோ நின்றால் அது நீளச் சிக்கல். இரண்டுக்கும் மருந்து வேறு.

உயரச் சிக்கலுக்குப் பெரும்பாலும் சீல்களே பொறுப்பு. முன்சீலின் இடத்தில் விளையாட்டுக் களிமண்ணைச் சிறு உருண்டைகளாகச் சில இடங்களில் ஒட்டி, கூரையைக் கையால் மட்டும் அழுத்தி, மறுபடி தூக்கிவிட்டு உருண்டைகள் எந்த அளவுக்கு நசுங்கியுள்ளன என்று பார்த்தால், எங்கே எத்தனை மில்லிமீட்டர் இடம் இருக்கிறது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். ஓரங்களில் மெல்லியதாகவும் நடுவில் தடித்தும் நசுங்கியிருந்தால் மேல்சட்டம் நடுவில் தாழ்ந்திருக்கிறது அல்லது கூரையின் முன்விளிம்பு நடுவில் எழும்பியிருக்கிறது என்று பொருள். எம்ஜிபியில் மேல்சட்டத்தின் நடுவிலிருந்து டாஷ்போர்டின் மேற்பரப்புக்கு இறங்கும் மெல்லிய கம்பி ஒன்று உண்டு. ரியர்வியூ கண்ணாடி பொருந்தியிருப்பது அதில்தான் என்பதால் பலர் அதைக் கண்ணாடிக்கான கம்பி என்றே நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது மேல்சட்டத்தைப் பிடித்து நிறுத்தும் இழுகம்பி. முன்பு யாரேனும் அதை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தால் சட்டம் நடுவில் தாழ்ந்துவிடும்.

நீளச் சிக்கல் இதைவிட ஆழமானது. எம்ஜிபிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. நிலையான கூரையும் இல்லாததால், காரை நடுவில் வளையாமல் தாங்குவது கதவுகளுக்கு அடியில் ஓடும் சில் பகுதிதான். அது வெளித்தகடு, நடுத்தகடு, உட்புறப் பெட்டி என்று பல அடுக்குகளாக அமைந்தது. வெளித்தகடு பளபளவென்று இருக்கும்போதே உள்ளடுக்குகள் துருவால் தின்னப்பட்டிருப்பது இந்தக் காரில் சகஜம். சில் பலமிழந்தால் கார் நடுவில் தொய்ந்து, விண்ட்ஸ்கிரீனின் மேல்பகுதியும் பின்தகட்டுப் பரப்பும் ஒன்றையொன்று நெருங்கி வந்துவிடும். அப்போது கூரை நீளமாகிவிட்டதுபோல் முன்னே நீட்டிக்கொண்டு நிற்கும். கதவின் பின்விளிம்பு இடைவெளியைப் பாருங்கள்: மேலே குறுகியும் கீழே அகன்றும் இருந்தால் தொய்வு இருக்கிறது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். இதற்கு நேர்மாறாக, சில்லைப் புதுப்பித்தபோது காரை நடுவில் அதிகமாகத் தூக்கி வைத்து வெல்டிங் செய்திருந்தால் இடைவெளி மேலே அகன்று, கூரை குட்டையாகிவிட்டதுபோல் தோன்றும்.

உறுதிப்படுத்த ஒரு சோதனை உண்டு. கூரையைத் தளர்வாக மேலே வைத்து, சில்லின் நடுப்பகுதிக்கு அடியில் அகலமான மரப்பலகை வைத்து, ஜாக்கியால் பாரம் சற்றே ஏறும் வரை மட்டும் மெல்லத் தூக்குங்கள். கதவு இடைவெளி மாறி, கொக்கி தானாகக் குழியை நோக்கி நகர்ந்தால் சிக்கல் பாடியில் இருக்கிறது. அதை எந்த ஷிம்மாலும் (இடைவெளியை நிரப்ப வைக்கும் மெல்லிய தகடு) எந்தக் கொக்கியாலும் சரிசெய்ய முடியாது, சில் வேலையே தீர்வு. பலகைக்கு மேலே தகடு நொறுங்கும் சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அப்படிப்பட்ட காருக்கு இப்போது தேவைப்படுவது கூரை அன்று, வெல்டர்.

பாடி நேராக இருந்தால் அடுத்து விண்ட்ஸ்கிரீனின் சாய்வு. சட்டகத்தின் இரு கால்களும் பாடிக்குள் இறங்கி, டாஷ்போர்டின் இரு ஓரங்களுக்கு உட்புறம், கதவுக் கீல் தூணை ஒட்டி, ஒவ்வொன்றும் போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைத் தளர்த்தினால் சாய்வை ஓரளவு மாற்றலாம். காலுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள ஷிம்களைக் கூட்டியோ குறைத்தோ பக்கவாட்டு நிலையையும் திருத்தலாம். கை நுழையாத மூலை அது. அந்த போல்ட்டுகளை ஒருமுறை எட்டிப் பிடித்தவர்கள் மறுமுறை போக விரும்புவதில்லை. அலுமினியக் காலில் எஃகு போல்ட் ஊறிப் பற்றிக்கொண்டிருக்கவும் கூடும் என்பதால், முந்தைய நாளே ஊடுருவும் எண்ணெயை விட்டுவைக்க வேண்டும். இருபுறமும் ஒரே அளவு நகர்கிறதா என்பதை, மேல்சட்டத்தின் மூலையிலிருந்து எதிர்ப்பக்கக் கதவுத் தூணின் மேல்விளிம்புக்குக் குறுக்களவு எடுத்து ஒப்பிட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இவையெல்லாம் முடிந்த பிறகுதான் கொக்கியின் நீளத்தைத் திருத்தும் பேச்சு வர வேண்டும். டாகிள் கொக்கி நடுப்புள்ளியைத் தாண்டி மடங்கும்போது பூட்டிக்கொள்ளும் அமைப்பு உடையது. நெம்புகோலின் பாதித் தூரம் வரை எதிர்ப்பே இல்லாமல் வந்து, கடைசிப் பகுதியில் மட்டும் உள்ளங்கையால் அழுத்தி மூடும்படி இருப்பதே சரியான இறுக்கம். தொடக்கத்திலேயே முரண்டு பிடித்தால் கொக்கி குட்டையாக இருக்கிறது. கடைசி வரை தளர்வாக வந்தால் நீளமாக இருக்கிறது.

அறிகுறி: ஒரு பக்கம் உட்கார்ந்து, மறுபக்கம் எழும்பி நிற்கிறது

முறுக்கு கூரையில் இருக்கிறதா, காரில் இருக்கிறதா என்று அறிய வேண்டும். அதே மாதிரிக் கார் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இருந்தால் கூரையை அவர் காரில் ஒருமுறை வைத்துப் பார்ப்பதே மிகக் குறுகிய வழி. அந்த வசதி இல்லாவிட்டால் கூரையைச் சமமான தரையில், விளிம்புகள் கீழே இருக்கும்படி வைத்து, நான்கு மூலைகளிலும் தரையிலிருந்து உள்ள உயரத்தை இடம், வலம் ஒப்பிட வேண்டும்.

கண்ணாடியிழைக் கூரை சிறிதளவே முறுக்கியிருந்தால், எழும்பிய பக்கத்தின் பிராக்கெட்டுக்கு அடியில் வாஷர் வைத்து உயரத்தைப் பங்கிட்டுவிடலாம். முறுக்கு பெரிதாக இருந்தால் ஹீட் கன்னால் சூடேற்றி நிமிர்த்தலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள், கேட்க வேண்டாம். இந்தக் கூரைகளில் உள்ள பாலியெஸ்டர் பிசின் ஒருமுறை கெட்டிப்பட்டால் மறுபடி உருகாத வகை. அதிகச் சூட்டில் அது வளையாது. மேற்பூச்சு கொப்புளம் போட்டுப் பெயின்ட்டும் சேர்ந்து கெடும்.

அறிகுறி: பக்க போல்ட் துளைக்கு நேராக வரவில்லை, அல்லது ஏறி வழுக்குகிறது

துளைகள் சற்றே விலகி நின்றால், முன்கொக்கிகளைத் திறந்துவிட்டுக் கூரையை முன்பின்னாக நகர்த்திப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும். துளையை அரத்தால் நீட்டுவது கடைசி வழி. அப்படியும் நீட்ட வேண்டி வந்தால் பாடியில் உள்ள துளையைத் தொடாமல் பிராக்கெட்டில் உள்ளதை மட்டுமே நீட்ட வேண்டும்.

போல்ட் ஏறி வழுக்குவதற்கு வேறொரு காரணம் உண்டு. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களான இவற்றில் உள்ளவை அங்குல அளவிலான யு.என்.எஃப். மரைகள். கால் அங்குல யு.என்.எஃப். போல்ட்டின் விட்டம் 6.35 மி.மீ.; அங்குலத்துக்கு 28 மரைகள். இன்று எந்தக் கடையிலும் கிடைக்கும் 6 மி.மீ. மெட்ரிக் போல்ட் அதே துளையில் சில சுற்று ஏறிப் பிடித்துவிட்டதுபோல் ஏமாற்றி, இறுக்கும்போது மரையைச் சிதைத்துவிடும். முந்தைய உரிமையாளர் அப்படி ஒன்றைச் செலுத்தியிருந்தால் மரை வெட்டும் கருவியான டேப்பில் சரியான அளவைக் கொண்டு மரையைச் சுத்தம் செய்து, அதன் பிறகும் பிடிமானம் இல்லையென்றால் மரைச்செருகல் வைக்க வேண்டும். பெரிய போல்ட்டாக மாற்றித் துளையைப் பெரிதாக்குவது வேண்டாம். துணிக்கூரையின் சட்டகமும் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் தாங்கி நிற்கிறது.

அறிகுறி: கதவுக் கண்ணாடி கூரையில் இடிக்கிறது, அல்லது இடைவெளி விடுகிறது

கண்ணாடியைத் திருத்துவதற்கு முன்பு கதவு தன் சட்டத்தில் நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். கீல் தேய்ந்து கதவு தொங்கினால் கண்ணாடியும் கூடவே சாயும். கதவு நேராக இருந்தால், முன்னால் உள்ள முக்கோணக் காற்றுக் கண்ணாடியின் சட்டத்தை முதலில் திருத்த வேண்டும். பெரிய கண்ணாடி மேலும் கீழும் ஓடுவது அந்தச் சட்டத்தை ஒட்டித்தான். அதன் சாய்வு விண்ட்ஸ்கிரீன் தூணோடு இணையாக நிற்கும்படி பொருத்திவிட்டு, பிறகு கதவுக்குள் இருக்கும் பின்வழித்தடத்தை உள்ளோ வெளியோ நகர்த்தினால் கண்ணாடியின் மேல்விளிம்பு கூரையின் சீலை நோக்கிச் சாயும் அல்லது விலகும். மேலே ஏற்றி மூடிய கண்ணாடி சீலைத் தொட்டுச் சற்றே அழுத்தினால் போதும். கதவைச் சாத்தும்போது கண்ணாடி சீலைக் கீழிருந்து மேலாக மடக்கிக்கொண்டு போனால் அது மிக உயரமாக நிற்கிறது.

பழைய உதிரிபாகம் வாங்குவோருக்கு ஒரு குறிப்பு. 1965இல் வந்த, நிலையான கூரை கொண்ட எம்ஜிபி ஜிடி மாடலின் விண்ட்ஸ்கிரீன் ரோட்ஸ்டரில் உள்ளதைவிட உயரமானது. கதவுக் கண்ணாடியும் வேறு. இரண்டும் எம்ஜிபிதானே என்று ஜிடியின் கண்ணாடியை வாங்கி ரோட்ஸ்டரின் கதவில் இறக்கினால் எந்தத் திருத்தத்தாலும் ஹார்ட்டாப்போடு அதைச் சேர்க்க முடியாது.

அறிகுறி: மழையில் உள்ளே நீர் வருகிறது

நீர் சொட்டும் இடமும் நீர் நுழையும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். கூரையின் உட்துணிக்கு மேலாக ஓடி, தாழ்ந்த இடம் பார்த்துக் கீழே விழும். ஆகவே ஒருவர் டார்ச்சோடு உள்ளே அமர்ந்துகொள்ள, மற்றவர் குழாயில் நீரை மெதுவாக, அழுத்தமின்றி விட்டு, கீழிருந்து தொடங்கி மேலே போக வேண்டும்: முதலில் பின்தகட்டுப் பரப்பு, பிறகு பக்கங்கள், பிறகு பின்கண்ணாடியைச் சுற்றிய ரப்பர், கடைசியாக விண்ட்ஸ்கிரீன் மேல்சட்டம். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து எதையும் பிரித்தறிய முடியாமல் போகும். பவர் வாஷரைக் கொண்டு சோதிக்கக் கூடாது; அந்த அழுத்தத்தில் எந்தப் பழைய காரும் ஒழுகும்.

முன்மூலைகளே வழக்கமான ஓட்டை. அங்கே மேல்சட்டத்துச் சீலும் பக்கக் கண்ணாடியின் சீலும் சந்திக்கின்றன. இரண்டும் தொட்டுக்கொள்ளாமல் ஒரு சிறு முக்கோணம் திறந்து கிடக்கும். சீலை அரை அங்குலம் நீளமாக வெட்டி, இழுக்காமல் நெருக்கி ஒட்டினால் அது மூடிக்கொள்ளும். இழுத்து ஒட்டிய ரப்பர் நாளடைவில் சுருங்கி அதே இடத்தைத் திறந்துவிடும். மற்ற இடங்களில் காகிதத் துண்டை வைத்துக் கூரையை மூடி, துண்டை இழுத்துப் பாருங்கள். உரசலோடு வந்தால் சீல் பிடிக்கிறது. தடையின்றி வந்தால் அங்கே பிடிக்கவில்லை. பின்கண்ணாடியின் ரப்பர் கெட்டிப்பட்டு வெடித்திருந்தால் சிலிக்கானைப் பூசி மறைப்பது வீண்வேலை. ரப்பரையே மாற்ற வேண்டும். சிலிக்கான் ஒட்டிய இடத்தில் பிற்பாடு பெயின்ட்டும் ஒழுங்காகப் பிடிக்காது.

மேலே எங்கும் ஈரமில்லாமல் கால்வைக்கும் இடத்துக் கார்பெட் மட்டும் நனைந்திருந்தால் ஹார்ட்டாப்பைக் குறை சொல்ல வேண்டாம். விண்ட்ஸ்கிரீனுக்கு முன்னால் உள்ள காற்றுச் சல்லடை வழியே ஹீட்டருக்குப் போகும் அறையில் மழைநீரும் விழும். அதை வடிக்கும் ரப்பர் குழாய் சருகும் சேறும் அடைத்துப் போனால் நீர் தேங்கி உள்ளே வழியும். விண்ட்ஸ்கிரீன் கால்களின் அடியில் உள்ள ரப்பர் திண்டுகள் சிதைந்திருந்தாலும் இதே விளைவுதான். கூரையை இரண்டு மூன்று முறை கழற்றி மாட்டிப் பார்த்துச் சலித்த பிறகே பலர் அந்தக் குழாயைப் பார்க்கிறார்கள்.

அறிகுறி: புகைவாடை அடிக்கிறது

இதை மற்ற அறிகுறிகளோடு சேர்த்து எண்ணாமல் உடனே கவனிக்க வேண்டும். திறந்த காரில் காற்றோடு போய்விடும் எக்சாஸ்ட் புகை, ஹார்ட்டாப் மாட்டியதும் உள்ளே தங்குகிறது. காருக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்த பகுதியில் புகை சுழன்று, டிக்கியின் சிதைந்த பீடிங் (மூடியைச் சுற்றிய ஓர ரப்பர்), பின்விளக்குகளின் ரப்பர், டிக்கித் தளத்தில் மூடி தொலைந்த துளைகள் ஆகியவற்றின் வழியே உள்ளே இழுக்கப்படும். முக்கோணக் காற்றுக் கண்ணாடிகளை மட்டும் திறந்துவைத்தால் உள்ளழுத்தம் மேலும் குறைந்து வாடை கூடலாம். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது என்பதால், வாடை குறைந்துவிட்டது என்பதை ஆபத்து நீங்கியதற்கு அடையாளமாகக் கொள்ளக் கூடாது. எக்சாஸ்ட் இணைப்புகளைச் சரிபார்த்து, டிக்கி பீடிங்கைப் புதுப்பித்து, துளைகளுக்கு மூடியிடும் வரை ஹார்ட்டாப்போடு நெடும்பயணம் வேண்டாம்.

அறிகுறி: கடகடப்பு, கிறீச்சொலி, காற்றிரைச்சல்

மெதுவாகப் போகும்போதே மேடுபள்ளத்தில் கடகடத்தால் பிடிமானம் தளர்ந்திருக்கிறது. பின்நங்கூரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்; அங்கே உலோகம் உலோகத்தை நேரடியாகத் தொட்டால் மெல்லிய ரப்பர் பட்டை ஒன்றைச் செருகினால் அடங்கும். கார் திரும்பும்போது மட்டும் கிறீச்சிட்டால் வறண்ட சீல் பெயின்ட்டில் உரசுகிறது; சிலிக்கான் கிரீஸைத் துணியில் தொட்டுச் சீலின் மேல் மெல்லத் தடவலாம். பெட்ரோலியம் கலந்த கிரீஸ் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும்.

காற்றிரைச்சல் வேகத்தோடு கூடும். கூரைக்கும் விண்ட்ஸ்கிரீன் சட்டத்துக்கும் நடுவே உள்ள கோட்டை வெளியிலிருந்து மாஸ்கிங் டேப்பால் மூடி ஓட்டிப் பாருங்கள். பிறகு அதை எடுத்துவிட்டுப் பக்கக் கண்ணாடியின் மேல்விளிம்பை மூடிப் பாருங்கள். எந்த டேப் சத்தத்தை நிறுத்துகிறதோ அங்கேதான் வேலை. எதுவும் நிறுத்தாமல் தாழ்ந்த குரலில் உறுமல் மட்டும் தொடர்ந்தால் அது காற்று அன்று. மூடிய கூரைக்குள் எஞ்சின் ஒலி எதிரொலிப்பது. உட்துணி கழன்ற கூரைகளில் அது அதிகமாகக் கேட்கும்.

அறிகுறி: பெயின்ட் தேய்கிறது, போல்ட்டைச் சுற்றி நூல்விரிசல் தெரிகிறது

சீலுக்கும் பாடிக்கும் நடுவில் புகும் மணல்துகள் உப்புத்தாள் வேலை செய்கிறது. தொடும் இடங்களில் பெயின்ட்டைக் காக்கும் ஒளிபுகு படலத்தை முன்பே ஒட்டிவிட்டால் போதும்.

கண்ணாடியிழையில் பிராக்கெட்டைச் சுற்றி நட்சத்திர வடிவில் ஓடும் மெல்லிய விரிசல்கள் மிகுதியாக இறுக்கியதன் அடையாளம். சிறு வாஷரை எடுத்துவிட்டு அகலமான வாஷரை, அடியில் ரப்பர் தட்டோடு வைத்து, பாரத்தைப் பரவலாக்க வேண்டும். விரிசல் மேற்பூச்சில் மட்டும் இருந்தால் அதைச் சற்றே கீறித் திறந்து ஜெல்கோட் என்னும் மேற்பூச்சுப் பிசினை நிரப்பித் தேய்க்கலாம். விரலால் அழுத்தும்போது அந்த இடம் உள்வாங்கினால் இழையே முறிந்திருக்கிறது; உட்புறத்திலிருந்து கண்ணாடியிழைத் துணியும் பிசினும் வைத்துப் பலப்படுத்தாமல் மேலே பட்டி போட்டு மூடக் கூடாது.

அறிகுறி: போன குளிர்காலத்தில் பொருந்திய கூரை இப்போது பொருந்தவில்லை

கோடையில் அது எப்படி வைக்கப்பட்டிருந்தது என்று பாருங்கள். சுவரில் ஒரு முனையைச் சாய்த்து வைத்த கூரை மாதக்கணக்கில் தன் எடையாலேயே கோணிக்கொள்ளும். சீல்களின் மேல் உட்கார வைத்த கூரையின் ரப்பர் அந்த இடங்களில் மட்டும் தட்டையாகிவிடும். காரில் எந்தெந்த இடங்களில் தாங்கி நிற்கிறதோ அதே இடங்களில் தாங்கும் மரச்சட்டம் ஒன்று செய்துகொள்வது நல்லது. கொட்டகை உத்தரத்தில் கப்பி போட்டுத் தொங்கவிடுபவர்கள் அகலமான பட்டைகளை முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் ஒன்றுமாகக் கொடுத்து, எடையைப் பங்கிட வேண்டும்.

கூரையில் மாற்றம் ஏதும் இல்லையென்றால், இடைப்பட்ட மாதங்களில் காரில் என்ன வேலை நடந்தது என்று யோசிக்க வேண்டும். விண்ட்ஸ்கிரீன் கழற்றப்பட்டிருந்தாலோ, சில் வெல்டிங் நடந்திருந்தாலோ, கதவுக் கீல்கள் மாற்றப்பட்டிருந்தாலோ மேலே சொன்ன நீளச் சிக்கலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான். எந்த வேலையும் நடக்கவில்லையென்றால் ஷிம்கள் இடம் வலம் மாறியிருக்கின்றன என்று கொள்ளலாம். கழற்றும்போதே பிராக்கெட்டுகளையும் ஷிம்களையும் வாஷர்களையும் பக்கம் குறித்த இரண்டு தனிப் பைகளில் போட்டுக் கூரையின் உட்புறத்திலேயே கட்டி வைத்தால் இந்தக் கடைசி அறிகுறி வரவே வராது.